தெல்லிப்பழை, இரண்டு பேர்

அக்காவின் கிளினிக் கொப்பிக்கு
அம்மா மண்ணிறத் தாளில் உறை போட்டு
மேலே 'சீட்டுக் கணக்கு' என்று எழுதியிருக்கிறா.
வடிவான எழுத்து.
பொய் எழுதேக்கை அம்மாவின் கை நடுங்குவதில்லை.

குளிசைகள் அரிசி வாளிக்குப் பின்னால்
நெஸ்டமோல்ட் ரின்னுக்குள்.
காலமை ஒன்று, படுக்கேக்கை இரண்டு.
ஆரும் படலையைத் தட்டினால்
அக்காவும் ரின்னும் உள்ளே போய்விட வேண்டும்.

முந்தி எங்கள் வீட்டில்
விசர் என்ற சொல் நாள் முழுக்கத் திரிந்தது,
செருப்பில்லாமல், உரிமையோடு.
விசர்க் கதை கதையாதை.
விசர் மழை.
இந்த விசர் மோட்டருக்குத் தண்ணி ஏறுதில்லை.
சங்கத்தில் கணக்கெழுதிய அக்கா
ஒருநாள் வேலையால் வந்து
பேரேட்டு இலக்கங்கள் தன்னைப்
பேர் சொல்லிக் கூப்பிடுகுதுகள் என்று சொன்ன பிறகு
அந்தச் சொல்லை ஒருவரும் எடுப்பதில்லை.
மோட்டர் இப்ப பழுது மட்டும்தான்.
மழை வெறும் மழை.

முதல் வருசம் நூல் கட்டினோம்.
வேலிக்கு அங்கால் செய்வினை என்றார்கள்,
படிப்புக் கூடிப்போச்சு என்றார்கள்,
ஆரோ ஒருத்தன் ஏமாத்திப்போட்டான் என்றார்கள்.
எனக்குப் பேசி வந்த கோப்பாய்ச் சம்பந்தம்
சாதகம் பொருந்தவில்லை என்று நின்றது.
சாதகத்தை அவர்கள் வாங்கவே இல்லை.

மாதம் ஒருமுறை
தாவடிச் சந்தியில் பஸ் ஏறுவோம்.
ஒரே ஆஸ்பத்திரிக்குள்
கான்சருக்கும் இடம் இருக்கிறது,
அக்காவின் வருத்தத்துக்கும் இடம் இருக்கிறது.
அது எனக்கு வசதியாய்ப் போயிற்று.

தை மாதம், சுன்னாகத்தில் ஏறிய ஒரு அன்ரி
ஆருக்குத் தம்பி, என்ன வருத்தம் என்று கேட்டா.
கான்சர், அக்காவுக்கு, என்றேன்.
நாக்குத் தடக்கவில்லை. அம்மாவின் பிள்ளை.
அன்ரிக்குக் கண் நிறைந்தது.
பையிலிருந்த இதரைச் சீப்பில்
நாலைப் பிய்த்து அக்காவின் மடியில் வைத்தா.
துர்க்கை அம்மனுக்கு நெய்விளக்கு வைக்கிறன் பிள்ளை,
எல்லாம் மாறும், என்று கன்னத்தைத் தடவினா.
மூன்று வருசத்தில்
மருந்துக்காரர் தவிர்த்து அக்காவைத் தொட்ட
முதல் வெளிக்கை அது.
அக்கா ஒன்றும் கதைக்காமல்
பழம் தின்றா. நாலையும்.

மாசியில் அதே பஸ், அதே அன்ரி.
இப்ப எப்படிப் பிள்ளை, மருந்து ஏத்துகினமோ,
தலைமயிர் கொட்டேல்லை, அம்மன் செயல்...
நான் வாய் திறக்க முந்தி
அக்கா சொன்னா:
எனக்குக் கான்சர் இல்லை அன்ரி.
எனக்கு விசர்.
தம்பிக்குச் சொல்ல வெக்கம்.

முன்சீற்றில் ஒரு தலை திரும்பியது.
அன்ரி கைப்பையை மடிக்கு இழுத்தா.
பிறகு, இழுத்த கையைத் தானே கண்டவ போல,
பாதியில் விட்டா.
மல்லாகம் வரை ஒருவரும் கதைக்கவில்லை.

விளக்கு வைச்சிட்டன், என்றா கடைசியில்.
அக்காவிடமா அம்மனிடமா தெரியாது.
வேறை வருத்தத்துக்கெண்டு வைச்சது.
பழமும் அதுக்குத்தானே தந்தனீங்கள், என்றா அக்கா,
நான் திண்டிட்டன்.
அன்ரி சிரிக்கப் பார்த்தா.
முழுசாய் வரவில்லை.

கான்சர் ஆஸ்பத்திரியடி இறங்கிற ஆக்கள்!
கொண்டக்டர் எப்போதும் அப்படித்தான் கத்துவான்.
மற்றதுக்கும் இங்கைதான் அண்ணை,
மிதிபலகையில் நின்று சொல்லிவிட்டு
அக்கா இறங்கினா,
ஒரு கையால் சட்டையை இழுத்துச் சரிசெய்தபடி,
என்னைத் திரும்பிப் பாராமல்.

கொப்பி என் சேட்டுக்குள் இருந்தது.
ஒளித்துக் கொண்டுபோவது என் வேலை.
மரத்தடியில் வரிசைக்கு நிற்கேக்கை எடுத்துப் பார்த்தேன்.
வேர்வையில் உறை ஊறி மை இளகி
'சீட்டுக் கணக்கு'
தலைமாறி
என் நெஞ்சுப் பக்கம் ஒட்டியிருந்தது.

தோய்க்கப் போட்டபோது
அம்மா அந்தக் கறையைக் கனநேரம் பார்த்தா.
சவர்க்காரத்துக்குப் போகாது, என்றா.