நாலு பவுனும் மூணு குன்றிமணியும்

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசு நிறுக்கிற என் தராசில்
இன்று ஈயத் தோட்டா.
நாகலூர் எஸ்டேட் தேவசகாயம்
பிஸ்கட் டின்னில் நாற்பது கொண்டுவந்தார்,
அவரே வார்த்தது.

நகம் வைத்தேன், பதிந்தது.
“அதான் வேணும்.
கார் சக்கரத்து ஈயம் கலந்தா இறுகிடும்,
கருமருந்து தள்ளுற தள்ளுக்கு விரியாது,
குழல் வரியைப் பிடிக்காது.”

ஒவ்வொன்றும் நாலு பவுனும் மூணு குன்றிமணியும்
இருந்தாக வேண்டுமாம்.
பளபளவென்ற ஒன்று இளைத்திருந்தது.
வெளியே தழும்பில்லை,
உள்ளே எங்கோ ஒரு குமிழி,
வார்க்கும்போது சிக்கிக்கொண்ட
ஏற்காட்டுக் காற்று.
சுருக்கம் விழுந்த ஒன்று முள் நடுங்காமல் நின்றது.
அதையும் கவிழ்த்துப் பார்த்து,
அடிவிளிம்பு மழுங்கல் என்று தள்ளினார்.

தேறியது பதினொன்று.
மிச்சம் மறுபடி சட்டிக்கு.

“துப்பாக்கி எங்கே?”
சட்டைப்பையைத் தடவி
ஸ்டேஷன் ரசீதை நீட்டினார்:
தேர்தல் முடியும்வரை அது அங்கே,
முத்திரை மட்டும் இவரிடம்.
ஓட்டு எண்ண இன்னும் முப்பத்தைந்து நாள்.
மெழுகு பூச அவசரமில்லை என்றார்,
அவசரமாக.

கொலுசுப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன்.
பழக்கதோஷம்,
மூடியதும் காதருகே குலுக்கினேன்.

மொத்.