பிந்தி வந்த ஆம்

கப்பலூர் சிட்கோ. இரவு பதினொன்றேகால்.
மேசைமேல் எரிந்துபோன மோட்டார்ச் சுருள்,
செல்லம்பட்டியிலிருந்து சாக்கில் கட்டி
பஸ்ஸில் ஏற்றிவிட்டது.
கருகிய வார்னிஷ் வாடை இன்னும் என் விரலில்.

"தண்ணியில்லாக் கெணத்துல ராவெல்லாம் ஓடிருக்கு,
ஒங்க பெட்டி சொல்லித்தாம்மா"
என்றாள் ஒச்சம்மாள் போனில். திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

பதிவை வரிவரியாய்ப் பிரிக்கிறேன்.
போர்டு கேட்டிருக்கிறது: வால்வு திறந்திருக்கிறதா?
முந்நூறு மில்லிநொடி காத்தது.
கைவிட்டது.
வரிசையில் அடுத்த கேள்வி முன்னே நகர்ந்தது,
ஓடத் தொடங்குமுன் ஒரே ஒருமுறை கேட்பது:
கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?

அப்போதுதான் வந்து சேர்ந்தது
முதல் கேள்விக்கான ஆம்,
நானூற்றுப் பன்னிரண்டாவது மில்லிநொடியில்,
திருமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவன்போல்
மூச்சு வாங்கிக்கொண்டு.
வாசலில் நின்றது யாரென்று பார்க்கவில்லை.
நின்றவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

யாரும் பொய் சொல்லவில்லை.
வால்வு திறந்துதான் இருந்தது.

முந்நூறு என்று எழுதியவள் நான்.
ஏன் முந்நூறு?
என் சோதனை மேசையில் ஒயர் ஒன்றரை முழம்.
அங்கே கருவேலம்புதர் தாண்டி,
எலி கடித்து நாலு இடத்தில் முறுக்கிக் கட்டி,
கிணற்றடி வரைக்கும் போகிறது.

"ஐந்நூறாக்கிரு" என்கிறான் இருதயராஜ்,
"பிந்தி வர்ற ஆம்தான ஆமை."
சிரிப்பு வந்தது. ஆக்கலாம்.
மழைநாளில் அறுநூறில் வரும்.
வரிசையிலோ எட்டே இடம்.
ஒன்றுக்காக நின்றால் ஏழும் நிற்கும்,
அந்த ஏழில் ஒன்று
'நிறுத்து' என்பதாய் இருக்கும்.

எண் போடுகிறேன்.
கேள்விக்கு ஓர் எண்.
பதிலும் அதே எண்ணைச் சொல்லி நுழையட்டும்.
கெடு கடந்த எண் வந்தால்
குறித்துக்கொண்டு வெளியே விடு.

போன மாதம் தங்கைக்கு எழுதினேன்:
வில்லாபுரம் வீட்டை விற்றுவிடலாமா?
பதிலில்லை.
இருபது நாள் பொறுத்து எழுதினேன்:
பதினெட்டாம் தேதி அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வருவாயா?
நேற்று வந்தது, 'சரி.'
அவ்வளவுதான். எண் இல்லை.

பாயை உதறி வைத்திருக்கிறேன்.
பீரோவிலிருந்து பத்திரத்தையும்
எடுத்து வைத்திருக்கிறேன்.
எதற்குச் சரி என்று கேட்கலாம்.
அது மூன்றாவது கேள்வி.