பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

சோங்சிங்கில் அன்று நாற்பத்து மூன்று டிகிரி.
மூன்றேகாலுக்கு மின்சாரம் போனது.
பதினேழாம் மாடிக்கும் பதினெட்டுக்கும் நடுவில்
தொங்குகிற லிஃப்ட்டுக்குள்
மூன்று பிள்ளைகள், ஒரு தர்பூசணி.

நான் உச்சியில், இயந்திர அறையில்,
கையில் கிரீஸ், கக்கத்தில் டார்ச்.
ஸ்பீக்கரில் ஒருத்தி விசும்புகிறாள்.
பெயர் ஷியாவ்மானாம்.
"ஏன் மாமா இவ்வளவு சூடு?"

லிஃப்ட் ரிப்பேர்காரனிடம் கேட்கிற கேள்வியா இது?
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
"இன்றைக்குப் பத்துச் சூரியனும்
சேர்ந்து கிளம்பிவிட்டன."

விசும்பல் நின்றது.
"பத்தா?"

பத்துதான். எல்லாம் அண்ணன் தம்பிகள்.
கிழக்குக் கடலோரத்து முசுக்கொட்டை மரம்தான் வீடு.
ஒவ்வொருவன் வயிற்றுக்குள்ளும்
மூன்று கால் காகம்.
நாளுக்கு ஒருவன் வேலைக்குப் போவான்,
மிச்சம் ஒன்பது பேர் கிளையில் உட்கார்ந்து
காலாட்டிக்கொண்டிருப்பார்கள்.
"எங்கள் அப்பா மாதிரி ஷிஃப்டா?"
ஷிஃப்டேதான்.
ஒரு நாள் சலித்துப்போய்
பத்தும் ஒன்றாய் வானத்தில்.
ஆறு வற்றியது, வயல் கருகியது.
"லிஃப்ட் நின்றது" என்றான் யீச்சென்.
அதுவும்தான்.

வில்லாளி வந்தான்.
அவனுக்கு ஓர் அம்பு,
எனக்கு பிரேக் நெம்புகோலில் ஓர் இழுப்பு.
அம்புக்கு ஒரு சாண் ஏறியது லிஃப்ட்.
ஒன்று, இரண்டு, மூன்று,
உள்ளே கத்தி எண்ணினார்கள்.
ஒன்பதில் மாடிக் கோடு சேர்ந்தது.

பத்தாவது அம்பை யாரோ
தூணியிலிருந்து எடுத்துவிடுவார்கள்.
யார் என்பதுதான் மறந்துவிட்டது.
"நான்தான் எடுத்தேன்" என்றாள் ஷியாவ்மான்.
சரி, நீதான்.

பயந்துபோன கடைசிச் சூரியன்
குகைக்குள் ஒளிந்துகொண்டது.
உலகமே இருட்டு.
புலி கூப்பிட்டது, வரவில்லை.
மாடு கூப்பிட்டது, வரவில்லை.
கடைசியில் யார் கூப்பிட்டது தெரியுமா என்று
கேட்டுவிட்டு, சாவியோடு
படிகளில் ஓடினேன்.

இறங்கும்போதே கேட்டது
இதுவரை வாய் திறக்காத
மூன்றாவது பையனின் குரல்:
கொக்கரக்கோ!
லிஃப்ட் குழி முழுக்க எதிரொலித்தது.
பன்னிரண்டாம் மாடியில் யாரோ
பதிலுக்குக் கூவினார்கள்.

கதவிடுக்கில் வெளிச்சம் நுழைந்தது.
மூன்று வேர்த்த முகங்கள்.
சேவல் பையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்:
"அண்ணன்கள் ஒன்பது பேரும் போய்விட்டார்களே,
அது இனிமேல் யாரோடு விளையாடும்?"

இடுப்பில் போன் அடித்தது.
எதிர்க் கட்டடம், இருபத்து மூன்றாம் மாடி.
தர்பூசணியைத் தரையில் போட்டு உடைத்து
பெரிய துண்டாய் என் கையில் திணித்தார்கள்.

அன்றைக்கு இன்னும் நான்கு லிஃப்ட் பார்த்தேன்.
பதில் கிடைக்கவில்லை.
ஏழரைக்கு, யாங்ட்சிக்கு அந்தப் பக்கம்,
அதுவும் வேலை முடிந்து
தனியாக இறங்கிக்கொண்டிருந்தது.