ஐந்து பத்து, இருநூறு

திரை நொறுங்கிய, பேட்டரி செத்த மடிக்கணினிக்குப்
பன்னிரண்டு யூரோ தருகிறேன் என்றான் கடைக்காரன்.
திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இடம் ஒழித்தேன்.
வெல்காவின் பனிக்காலணி ஒருபுறம்,
மெழுகு டப்பா மறுபுறம்,
அடியில் மூச்சுவிட இரண்டு மரத்துண்டு.
சர்வர் என்றேன்.
சூடாகுமா என்றாள்.
லேசாக.
அப்படியானால் ஈரக் கையுறையை அதன்மேல் காயப்போடலாம்
என்று உள்ளே போய்விட்டாள்.

லீபாயாவில் எல்லாரிடமும் இருப்பது காற்று.
உருக்காலை மூடியபின் என்னிடம் நேரமும் இருந்தது.
நான்கு சூப் கரண்டிகளின் காம்பை அறுத்து
சைக்கிள் அச்சு ஒன்றில் குறுக்காகப் பூட்டி
பால்கனிக் கம்பியில் கட்டினேன்.
சுற்றுகளை எண்ணி, கணக்குப் போட்டு,
ஒரே ஒரு பக்கம்:
எங்கள் நான்காம் மாடியில் இப்போது காற்று
நொடிக்கு இத்தனை மீட்டர்.
வேறொன்றும் இல்லை. படம்கூட இல்லை.

முகவரிதான் தொல்லை.
இணைய நிறுவனம் நினைத்தபோதெல்லாம் மாற்றிவிடும்.
ரைதிஸைத் தொலைபேசியில் பிடித்தேன்;
ஏதோ கம்பத்தின் உச்சியில் இருந்தான்,
சொன்னதில் பாதியைக் காற்று கேட்டுக்கொண்டது.
மீதிப் பாதியை வைத்து
மாறாத பெயர் ஒன்று வாங்கினேன்.
முகவரி மாறும்போதெல்லாம் ஓடிப்போய்
அந்தப் பெயரிடம் சொல்லிவிட்டு வர
சின்ன நிரல் ஒன்று.
ஒரு ஞாயிறு மாலை, ரவுட்டரில்
நானூற்று நாற்பத்து மூன்றாம் வாசலைத் திறந்துவைத்தேன்.

பதினொரு நிமிடத்தில் முதல் ஆள்.
காற்றைக் கேட்டு வரவில்லை.
நிர்வாகியின் அறை எங்கே என்றது.
அப்படி ஓர் அறை இல்லை: நானூற்று நான்கு.
கடவுச்சொல் கோப்பு? நானூற்று நான்கு.
விடிய விடிய
எந்தெந்த மூலையிலிருந்தோ எந்திரங்கள் வந்து
என் செருப்பு அலமாரியைத் தட்டித் தட்டிப் பார்த்தன.
பதிவேட்டைப் படித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும்.

நாற்பத்தொரு நாள் அணையாமல் ஓடியது.
மறுநாள் வெல்கா
தூசி உறிஞ்சிக்கு இடம் வேண்டி பிளக்கைப் பிடுங்கினாள்.
மூன்று மணி நேரம்.
ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.
அதுதான் வலித்தது.

அப்புறம்தான் கவனித்தேன்.
அந்தத் திருட்டுக் கூட்டத்தின் நடுவே
தினமும் விடிகாலை ஐந்து பத்துக்கு ஒரு கோரிக்கை.
பக்கத்தைக் கேட்கும்.
இருநூறு: இதோ, கிடைத்தது.
போய்விடும்.
ஞாயிறு வராது.
மீனவனோ?
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவனோ?
அவன் தலைக்குமேல் இரும்பு ஆடுவதை நினைத்து
தசமப் புள்ளிக்குப் பின் இன்னும் ஓர் இலக்கம் சேர்த்தேன்.

நமக்கு ஒரு வாசகன் இருக்கிறான் என்றேன் வெல்காவிடம்.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
ஐந்து பத்துக்கா, என்றாள்.
ரொட்டி ஆலையில் முதல் இடைவேளை அப்போதுதான்.

காற்றைப் பார்க்கவா?
காற்றிலேதானே நடந்து போனேன்.
பின்னே?
திறக்கிறதா என்று பார்ப்பேன்.
திறந்தால் கரண்ட் இருக்கிறது,
அடுப்பை வைத்து நீ வீட்டை எரித்துவிடவில்லை.
திறக்காவிட்டால்?
தோல் அறுபடாமல்
நீளமாகச் சுருண்டு இறங்கியது.
அவள் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு மூன்றாவது கரண்டியைக் காற்று கொண்டுபோயிற்று.
எண் தப்பாக வரும் என்று தெரியும்.
திருத்தவில்லை.
அதன் கீழே, உலகம் முழுவதும் படிக்கும்படி,
ஒரு வரி எழுதினேன்:
பால் தீர்ந்துவிட்டது.

ஐந்து பத்து. இருநூறு.
ஐந்து பதினொன்று. மறுபடியும் இருநூறு.

இரண்டரைக்கு வந்தாள்.
பையை அலமாரியின் மேல் வைத்தாள், இரண்டு லிட்டர்.
குனிந்து, கையுறையைக் கழற்றி
சர்வர்மேல் விரித்தாள்.