ஏழாம் கூடு

பதுளைக் கச்சேரியில் மார்கழி முழுக்கத்
துவக்குகள் வரிசையில் நிற்கும்.
உரச்சாக்கில் சுற்றி, பழைய குடைத்துணியில் சுற்றி,
ஒருமுறை ஒருவர் கைக்குழந்தையின் சால்வையில் சுற்றி.
நான் இலக்கம் பார்ப்பேன், கட்டணம் எழுதுவேன்,
படிவத்தின் ஏழாம் கூட்டைச் சரிபார்ப்பேன்:
துவக்கு வைத்திருப்பதற்கான காரணம்.
ஒரு வரிக்குத்தான் இடம்.

காட்டுப்பன்றி என்று எழுதுவார்கள்.
எழுதத் தெரியாதவருக்கு நானே எழுதுவேன்.
பதினொரு வருடத்தில் என் கையால் மட்டும்
எத்தனை பன்றி என்று கணக்கில்லை.

மருதைக்கும் நான்தான் எழுதினேன்.
கல்கந்தைத் தோட்டம், மேற்பிரிவு வாச்சர்,
லயத்துக்குப் பின்னால் கால் ஏக்கர் உருளைக்கிழங்கு.
பெருவிரல் மையைத் தலையில் துடைத்துக்கொண்டு
"நல்லா இருங்க தங்கச்சி" என்பார்.
எட்டு வருடம், எட்டு முத்திரை.
பிறகு கோவையை எடுத்துப் பார்த்தேன்.
எட்டும் தெளிவாகப் பதிந்திருந்தன.

தைப்பொங்கலுக்கு மறுநாள் இரவு
முதல் காம்பராவில் தொடங்கி
நாலாம் காம்பராவில் நிறுத்தினார்.
டெய்சிராணி. அவள் புருஷன் கமலதாசன்.
காது மந்தமான சவரிமுத்து.
"என்ன சத்தம்" என்று கதவைத் திறந்த டிலுக்ஷன்,
சாதாரண தரம் எழுதிவிட்டு
முடிவுக்குக் காத்திருந்தவன்.
துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு
பிரட்டுக்களத்தில் போய் உட்கார்ந்திருந்தாராம்,
விடிந்தால் பேர் கூப்பிடுவார்கள் என்பதுபோல.

பஸ் நிலையத் தேத்தண்ணிக் கடையில்
ஒரு மாதம் காரணங்கள் கொதித்தன.
கசிப்பு. குவைத்துக்குப் போய்க் காசு அனுப்பாத பெண்சாதி.
தண்ணீர்க் குழாயை யார் திருப்பினது என்ற சண்டை.
முனி அடித்தது. பேரனின் கைபேசியில்
ஓயாமல் சுடுகிற அந்த விளையாட்டு.
"துவக்கு தானா சுடுமா? மனுசன் மனசுதான்."
"துவக்கு இல்லாட்டி கத்திய எடுத்திருப்பான்."
பாண் வெட்டிக்கொண்டிருந்த பையன் நிமிராமல் சொன்னான்:
"கத்தின்னா டிலுக்ஷன் ஓடியிருப்பான்.
என்னைய விட வேகமா ஓடுறவன்."
கொஞ்ச நேரம் யாரும் தேத்தண்ணி ஆற்றவில்லை.
பிறகு பேச்சு பன்றிக்கு வந்தது.

பன்றியும் உண்மைதான்.
நானும் லயத்தில் பிறந்தவள்.
விடியவிடியத் தகரம் தட்டிய அப்பாவுக்குத்
தூக்கம் போனது, பன்றிக்குத் தகரம் பழகிப்போனது.
ஒரே இரவில் உழுது தின்றுவிட்டுப் போன பாத்தியில்
அம்மா மண்ணைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
அன்றைக்கு எங்களிடம் துவக்கிருந்தால்
எந்தப் பக்கம் திரும்பியிருக்குமென்று
சத்தியமாகத் தெரியாது.

அது ஒற்றைக்குழல்.
ஒவ்வொரு தடவையும் முறிக்க வேண்டும்,
சூடான கூட்டை நகத்தால் இழுத்தெறிய வேண்டும்,
அடுத்ததைத் திணித்து மூட வேண்டும்.
கந்தோரில் ஆளில்லாத ஒரு மதியம்
பேனை மூடியைக் கழற்றி மாட்டி எண்ணிப் பார்த்தேன்.
ஏழு எண்ணிக்கை.
அதற்குள் மருதை என்று மூன்றுமுறை கூப்பிடலாம்.
கூப்பிட்டார்களாம்.
ஐந்தாம் காம்பராவில் சொன்னார்கள்.

அடுத்த மார்கழியில்
படிவத்தில் இல்லாததைக் கேட்கத் தொடங்கினேன்:
"யாரோட பேசாம இருக்கீங்க?"
சிலர் சிரித்தார்கள்.
வெலிமடை ரத்நாயக்க, கேள்வியைச் சிங்களத்தில்
திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு,
வெகுநேரம் கழித்துத் தம்பியின் பெயரைச் சொன்னார்.
ஒருவர் சாக்கை மறுபடி சுற்றிக்கொண்டு
"நாளைக்கு வாறேன்" என்று போனார். வரவில்லை.
அந்தத் துவக்கு எந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறதென்று
இந்தப் பனிக்காலம் முழுக்க எனக்கு யோசனை.

முறைப்பாடு போயிருக்கிறது.
அதிகாரமில்லாத கேள்வி, பொதுமக்களுக்கு அசௌகரியம்.
விளக்கம் கோரி மேலிடத்துத் தாள் வந்திருக்கிறது.
கீழே ஒரு கூடு. காரணம்.
ஒரு வரிக்குத்தான் இடம்.

காட்டுப்பன்றி என்று எழுதிவிட்டு
முத்திரையைத் தேடுகிறேன்.