சாவியை அணைத்த பிறகும்

வண்டிக்கு முன்னே சத்தம் வந்தது என்று
டீக்கடையில் சொன்னார்கள்.
எனக்குத் தெரியாது.
என் வலக்காதில் அதே சத்தம்
பதினோரு வருடமாக நிற்கிறது.

ஆறு பாகம் ஆழம். சங்குக்குக் கை நீட்டினேன்.
உள்ளே ஒரு நூல் அறுந்தது.
குளிர்ந்த தண்ணீர் மண்டைக்குள் போனதும்
மேல் எது, கீழ் எது, ஒன்றும் புரியவில்லை.
குமிழி போன பக்கம் நானும் போனேன்.
அன்றைக்கு ஏறியவன்தான்.
காது மட்டும் ஏறவில்லை,
ஙீ என்று இழுத்தபடி அங்கேயே கிடக்கிறது.

முத்துப்பேட்டை விலக்கில் ஷெட் போட்டது
அதற்குப் பிறகு.

சீனி அபுதாகிர் வண்டியை நிறுத்தினான்.
மதுரை ஏர்போர்ட்டுக்குச் சவாரி அடிப்பவன்.
“சந்தியாவண்ணே, ராம்நாட்டுல பேரிங்னான், மாத்துனேன்.
பெல்டுன்னான், மாத்துனேன்.
மூவாயிரத்து நானூறு போச்சு. சத்தம் போகல.”

சாவியைத் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாதே.

நல்ல பம்ப் இரண்டு விநாடி முனகிவிட்டு
வாயை மூடும்.
இரண்டு விநாடி எனக்குப் போதாது.
ரிலேயைப் பிடுங்கி ஓர் ஒயரைச் சொருகினேன்,
நிற்காமல் ஓடட்டும் என்று.
பின்சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியில்
நீள ஸ்க்ரூடிரைவரை ஊன்றி
கைப்பிடியில் இடக்காதை வைத்தேன்.
கத்தியது.
கத்தியது அதுவா, நானா?

ஒயரை எடுத்தேன்.
“நின்னுருச்சா?”
“நின்னுருச்சுண்ணே.”
“எனக்கு நிக்கல.”
அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

அப்புறம் இப்படித்தான் வேலை நடந்தது:
அவன் தலை ஒரு பக்கம், என் தலை ஒரு பக்கம்,
நடுவில் டேங்க்.
நான் ஒயரைச் சொருகுவேன், எடுப்பேன்.
அவன் விரலை உயர்த்துவான், மடக்குவான்.
அவன் விரல் உயர்ந்தால் வண்டியின் சத்தம்.
மடங்கிய பிறகு மிச்சம் இருப்பது
என்னுடையது.

“எப்ப கூடுது?”
“போறப்ப தேவலண்ணே. வர்றப்பதான்.
மானாமதுரை தாண்டிட்டா பேச முடியாது.
எப்.எம்மைக் கூட்டி வச்சிருவேன்.
சவுதிக்குப் புள்ளைய அனுப்பிட்டு வர்ற சனம்
பின்னாடி அழுதாலும் கேக்காது, நல்லதுதான்.”

முள்ளைப் பார்த்தேன்.
சிவப்புக் கோட்டுக்கும் கீழே படுத்திருந்தது.
“எவ்வளவுக்குப் போடுவ?”
“அட்வான்ஸ் எவ்வளவோ அவ்வளவு.”

ஷெட்டில் இருந்த கேனை எடுத்து
ஐந்து லிட்டர் ஊற்றினேன்.
ஒயரைச் சொருகினேன்.
அவன் விரல் உயர்ந்தது, பாதியில் தயங்கியது.
“கொறஞ்சிருச்சுண்ணே.”

மூடியைக் கழற்றி பம்பை வெளியே எடுத்தால்
அடியில் இருந்த சல்லடைப் பையில்
துருவும் சேறும் களிம்பாக ஒட்டியிருந்தது.
உறிஞ்ச வழியில்லாமல்
வாய் கோணிக் குடித்திருக்கிறது இத்தனை நாளும்.

சொன்னேன்: இது பெட்ரோலுக்குள்
முங்கிக் கிடக்கப் பிறந்தது.
முங்கிக் கிடந்தால்தான் உடம்பு குளிரும்.
வற்றினால் காற்றைக் குடித்துக் கத்தும்.
சொல்லும்போதே எனக்கு
மூச்சு முட்டியது. ஏனென்று சொல்லவில்லை.

புதுச் சல்லடை போட்டாயிற்று.
பிரஷரும் வருகிறது, கொஞ்சம் சோம்பலாக.
பம்ப் தேய்ந்திருக்கிறது, ஆனால் சாகவில்லை.
“எப்பவும் அரை டேங்க் வச்சுக்க.”

“அரை டேங்க் வச்சு ஓட்டக் காசிருந்தா
நான் ஏண்ணே முன்னாடி உக்காரணும்?
பின்னாடி உக்காந்து ஏர்போர்ட்டுக்குல்ல போவேன்.”

ஐந்து லிட்டரைக் கடனில் எழுதினேன்.
சல்லடைக்கு மட்டும் வாங்கினேன்.
பெல்டைப் பற்றி, பேரிங்கைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.
பழைய பேரிங் டிக்கியில் கிடந்தது,
துடைத்து வைத்ததுபோல, நல்ல பேரிங்.

கிளம்பினான்.
உச்சிப்புளிப் பக்கமா, ஏர்வாடிப் பக்கமா?
ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாது.
கேட்கும், ஆனால் எங்கிருந்து என்று கேட்காது.
வாசலுக்கு வந்து தூசியைப் பார்த்துத்
தெரிந்துகொண்டேன்.