4112 முதல் 4119 வரை

எட்டே எட்டு வரி போதும் என்றார் காமத்.
காப்பீட்டுக்காரர்கள் கேட்டது அவ்வளவுதான்.
பெல்லந்தூர், பி டவர், இரண்டாவது லிஃப்ட்,
விடியற்காலை ஐந்து பன்னிரண்டு.
கோப்பில் ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள்.

நோட்பேடில் திறந்து வெட்டிக்கொள்ளலாமே என்பீர்கள்.
மாதம் நாற்பது கோப்பு வருகிறது.

நேராக 4112-இல் போய்க் குதிக்க
சி மொழியில் வழி கிடையாது.
வரி என்றால் என்னவென்று கோப்புக்கே தெரியாது.
பைட்டுக்குப் பின் பைட்டு,
நடுநடுவே கண்ணுக்குப் படாத புதுவரிக் குறி.
முதலிலிருந்து தொடங்கி
வாங்கு, எண்ணு, அதன் மேலேயே அடுத்ததை எழுது,
வாங்கு, எண்ணு.
வேண்டாத வரிகளையெல்லாம் படித்துத்தான் போகவேண்டும்,
ஹெப்பாளில் கிளம்பி சில்க் போர்டு போகிற 500-டி மாதிரி
ஒரு நிறுத்தம் விடாமல்.

எண்பது எழுத்துக்கு ஒரு பஃபர் வைத்தேன்.
லிஃப்ட் என்ன கதையா அளக்கப்போகிறது?
கதவு மூடியது. தளம் ஏழு. பிரேக் சரி.

ஓடியது.
4119 என்று வந்து நின்ற வரியில்
கதவு இன்னும் மூடியே இருந்தது.
திறந்ததோ இரண்டு வரி தள்ளி.

இல்லாத இரண்டு வரி எங்கே முளைத்தது?
மதியச் சாப்பாடு ஆறும்வரை தேடி
4097-இல் பிடித்தேன்.
அலாரம் அலாரம் அலாரம்
ஒரே வரியில் நாற்பத்து மூன்று முறை.
என் பஃபர் அதை மூன்று துண்டாக நறுக்கி
மூன்று வரி என்று கணக்கெழுதியிருக்கிறது.

ஹனுமக்கா, பால் போடுபவர்,
என்று புகார்த் தாளில் இருக்கிறது.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
இருபத்திரண்டு பாக்கெட்டோடு பதினொரு நிமிடம்.
கேட்ட எட்டு வரியில் அவர் இல்லை.
அதில் பிரேக் இருக்கிறது, மின்னழுத்தம் இருக்கிறது,
கடைசியில் ஒரு திறந்த கதவு.

திருத்தம் சின்னதுதான்.
துண்டின் கடைசி எழுத்து புதுவரிக் குறியா, பார்.
ஆம் என்றால் மட்டும் எண்ணைக் கூட்டு.
அதாவது,
அவர் அழுத்தி முடிக்கட்டும்.

இப்போது எட்டும் எட்டாகவே வருகின்றன.
அனுப்பு என்று காமத் இரண்டு முறை கேட்டாயிற்று.

தொடக்க எண்ணை 4097 ஆக்கி
மறுபடி ஓட்டினேன்.
இருபத்து மூன்று வரி.
ஏன் என்று கேட்கட்டும்.